குணம் அண்ணைக்கு நான் தெரிந்து கொடுத்த வெடிமருந்து

1

தம்பியின் திவசத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது குணம் அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார். துறைமுகத்தில் வேலை முடிந்து, வழியெல்லாம் நெரிசலில் ஊர்ந்து, மொன்றியல் புறநகர் பியர்பொன்ட்ஸில் இருக்கும் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நீர் துவக்கு ரவையெல்லாம் வீட்டிலையே நிரப்புறீராம். உண்மையே?"

"ஓம் அண்ணை."

"எனக்கும் ஒருக்கா மருந்து தெரிஞ்சு தரவேணும். கடையில விதம்விதமாப் போத்தில் அடுக்கி வைச்சிருக்கிறான். எங்கட ஆள் ஒருத்தர் இருக்கேக்க வெள்ளையனிட்டை ஏன் போய்ப் பல்லைக் காட்டுவான்?"

சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். என் மனைவி சாந்தி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். ஆர் என்று கேட்டாள். சொன்னதும் அவள் முகம் கறுத்தது.

"அந்த மனிசனோட உங்களுக்கு என்ன கதை?"

"வெடிமருந்து தெரிஞ்சு தரட்டாம்."

"குடுக்கப் போறீங்களோ?"

"கேட்டால் குடுக்கத்தானே வேணும்" என்றேன். அவளுக்கு என் குரல் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் முகம் சுளிப்பீர்கள். துவக்குக்குப் பயந்து ஓடிப்போனவன் கனடாவில் துவக்கு வைத்திருக்கிறானா என்று. சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் துறைமுகத்து ஆட்கள் என்னையும் மான் வேட்டைக்குக் கூட்டிப் போனார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டதும் நான் பனிக்குள் குப்புற விழுந்து படுத்துவிட்டேன். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்களுக்குக் காட்டுவதற்காகவே அடுத்த வருடம் அனுமதி எடுத்து, துவக்கும் வாங்கிக்கொண்டு போனேன். நான் அப்படிப்பட்ட ஆள். எதையும் இலேசில் விடமாட்டேன்.

பிறகு ரவை நிரப்பவும் பழகிக்கொண்டேன். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கோதை எறியாமல் எடுத்துத் துப்புரவாக்கி, அடியில் பிரைமர் என்ற சின்னப் பொறிமூடியை அழுத்தி, மருந்தை அளந்து போட்டு, மேலே ஈயத் தலையைச் செருகினால் அது மறுபடியும் ரவை. கேட்கச் சுலபம். ஆனால் எந்த மருந்து என்பதில் பிழைவிட்டால் கை போகும், கண் போகும், சிலவேளை ஆளே போகும். அதனால் சுடும் கழகத்தில் முதல் நாளே ஒரு விதி சொல்லித் தருவார்கள். இன்னொருவன் நிரப்பிய ரவையை உன் துவக்கில் போடாதே. கூடப்பிறந்தவன் நிரப்பியது என்றாலும் போடாதே.

இந்த விதி எங்கள் ஆட்களுக்கு ஏறாது. தெரியாத வெள்ளைக்காரன் தேத்தண்ணி தந்தாலும் யோசித்துக் குடிப்பார்கள். எங்கட ஆள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்குவார்கள்.

2

என் தம்பியின் பெயர் ரவி. சண்டைக் காலத்தில், ஹெலிகொப்டர் சுட்டுவிட்டுப் போனதும் மற்றப் பிள்ளைகள் பதுங்குகுழியை விட்டு வெளியே வரப் பயப்படுவார்கள். இவன் தெருவுக்கு ஓடிப்போய் விழுந்து கிடக்கும் கோதுகளைப் பொறுக்குவான். நீளம் பார்த்து, பருமன் பார்த்துப் பிரித்து, பால்மாப் பேணியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தான். ஒரு நாள் அம்மா கூட்டும்போது பேணி தட்டுப்பட்டது. இராணுவச் சுற்றிவளைப்பில் வீட்டுக்குள் ஒரு கோது அகப்பட்டாலே வீட்டு ஆண்கள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போகும் காலம் அது. பேணியோடு கிணற்றுக்குள் போட்டுவிட்டு, ரவிக்குக் கன்னத்தில் ஒன்று கொடுத்து, பிறகு அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். இன்று என் நிலவறையில் மூன்று வாளி நிறையக் கோது இருக்கிறது. எல்லாம் சட்டப்படி. ரவி கண்டால் வீட்டுக்குப் போக மாட்டான்.

எனக்கு முதலே மொன்றியலுக்கு வந்தவன் அவன். அகதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். மேன்முறையீட்டிலும் நம்பவில்லை. நாட்டை விட்டுப் போ என்று கடிதம் வந்ததும் ஒளித்துக்கொண்டான். யாரோ ஒரு சிவாவின் வேலை அட்டையில், சென்ட் லோரன்டில் போத்தல் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் நின்றான். அங்கே எல்லோருக்கும் அவன் சிவா. ஊரில் நாங்கள் தொலைபேசிக் கடைக்குப் போய்க் கதைக்கும்போது ஒருதரம் சொன்னான்: "இஞ்சை ஒரு அண்ணை இருக்கிறார். எங்கட ஆள். சாப்பாடும் பங்கிட்டுத்தான் சாப்பிடுறனாங்கள். அவருக்கு மட்டும் என்ரை விசயத்தைச் சொல்லியிருக்கிறன்."

அண்ணையின் பெயரை நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் அதிகாரிகள் தொழிற்சாலைக்கு வந்தார்கள். யாரையும் விசாரிக்காமல் நேரே ரவியின் மெசினுக்கு வந்தார்களாம். நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் இறங்கியவன் ஒரு லொட்ஜில் தங்கினான். ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. செத்த நாள் தெரியாததால் அவனை இங்கே விமானம் ஏற்றிய நாளையே திவசமாக வைத்திருக்கிறோம். திதி இல்லாமல் எப்படிச் செய்வது என்று ஐயர் முணுமுணுப்பார். அம்மா உயிரோடு இருந்த வரைக்கும் அதையும் செய்ய விடவில்லை. அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். இருட்டினாலும் வாசல் கேற்றைப் பூட்ட விடமாட்டார். பிள்ளை வந்து தட்டிக்கொண்டு நிற்பானாம். கேற்றைப் பூட்டாமலே அவர் கண்ணை மூடினார்.

நான் சாந்தியின் ஸ்பொன்சரில் பிறகுதான் வந்தேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில், ஆண்கள் கூடி நின்று போத்தல் திறந்தோம். குணம் அண்ணை பழைய வீரப்பிரதாபங்களை எடுத்துவிட்டார்.

"நாங்கள் மூடிப் பக்டரியில நிண்ட காலம். சிவா எண்டு ஒருத்தன். ஆரோ ஒருத்தன்ரை அட்டையில வேலை செய்தவன். சுப்பவைசர் வேலைக்கு அவனைப் போடப்போறாங்கள் எண்டு கதை வந்திட்டுது. நான் விடுவனே? குடிவரவுக்கு ஒரு ரெலிபோன் கோல். ஒரே ஒரு கோல்தான் அடிச்சனான். ஆளைப் பிளேனில ஏத்திப்போட்டாங்கள்."

நின்றவர்கள் சிரித்தார்கள். என் கையிலிருந்த கடதாசித் தட்டு மடிந்து ரோல்ஸ் பலகாரம் ஒன்று சப்பாத்தில் விழுந்தது. நான் அவருடைய முகத்தை வடிவாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கே கண்டாலும் முந்திக்கொண்டு வணக்கம் சொன்னேன். அவருடைய புது வீட்டுக் குடிபூரலுக்குக் குத்துவிளக்குக் கொடுத்தேன். பழி வாங்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்காக நான் வெட்கப்படவில்லை, இதை எழுதும்போதும்தான்.

3

குணம் அண்ணையை இங்கே தெரியாத தமிழர் குறைவு. கோயில் நிர்வாகத்தில் இருக்கிறார். பொன்னாடை போர்க்க ஆள் தேவையென்றாலும் அவர், போர்த்தப்பட ஆள் தேவையென்றாலும் அவர். மகள் கட்டியிருப்பது லூயி என்ற கியூபெக் பெடியனை. லூயி ஒவ்வொரு வருடமும் வடக்கே காட்டுக்கு மான் சுடப் போகிறவன். மருமகனுக்கு முன்னால் தானும் ஒரு ஆள் என்று நிற்பதற்காகக் குணம் அண்ணை அவனிடம் இருப்பது போலவே ஒரு ரைபிள் வாங்கிவிட்டார். கைத்துப்பாக்கி வாங்குவதை அரசாங்கம் நிறுத்த முதலே வாங்கிய ரிவோல்வர் ஒன்றும் அவரிடம் இருந்தது. இரண்டுக்கும் ரவை நிரப்ப வேண்டும். அதற்குத்தான் மருந்து.

துவக்கு அனுமதிக்கு இங்கே பல பக்க விண்ணப்பம் இருக்கிறது. அண்மையில் விவாகரத்து நடந்ததா, வேலை போனதா, மனச்சோர்வு இருந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். மனைவியிடமும் விசாரிப்பார்கள். யார் மீதாவது வஞ்சம் வைத்திருக்கிறாயா என்று மட்டும் அதில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உண்மையைத்தான் எழுதியிருப்பேன்.

கடையில் குணம் அண்ணை வேலையாளுக்குப் "பொன்ஜூர்" சொன்னார். அதற்குமேல் பிரெஞ்சு வரவில்லை. என்னைப் பார்த்தார். இத்தனை வருடமாக இங்கே இருந்து அவர் சம்பாதித்த பிரெஞ்சு அவ்வளவுதான். நான் துறைமுகத்துப் பிரெஞ்சில் சமாளித்தேன். தட்டுகளில் பாதி வெறுமையாகக் கிடந்தது. இந்தக் காலத்தில் மருந்துக்குத் தட்டுப்பாடு, விலையும் ஏறிவிட்டது. குணம் அண்ணை கைக்கு அகப்பட்ட ஒரு போத்தலைத் தூக்கினார். அது ரிவோல்வருக்கான மருந்து.

"ஏன் தம்பி ரெண்டு போத்தில்? ரெண்டுக்கும் இது ஒண்டு காணும்தானே?"

துவக்கைத் தெரியாதவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். ரிவோல்வரின் குழாய் கட்டை. அதற்கு உடனே பற்றிச் சட்டென்று எரிந்து முடிகிற மருந்து வேண்டும். ரைபிளின் குழாய் நீளம், கோதும் பெரிது. அதற்கு ஆறுதலாக எரிந்து, தலையைக் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிற மருந்து வேண்டும். வேகமானதை ரைபிள் கோதில் போட்டால் தலை நகர முதலே அமுக்கம் முட்டிவிடும். துவக்கு உடையும். அது உடையும் இடத்தில் சுடுகிறவனின் கன்னம் சாய்ந்திருக்கும்.

அவருடைய கேள்விக்கு நான் "ஓம்" என்றால் போதும். பொய்ப் பத்திரம் வேண்டாம், கத்தி வேண்டாம், ஆள் பிடிக்க வேண்டாம். என் தம்பிக்கு அவர் செய்ததற்கும் ஒரு கோல்தான் செலவு. என் நாக்கில் அந்தச் சொல் வந்து நின்றதை உணர்ந்தேன். இனித்தது. பொய் சொல்லவில்லை.

"காணாது அண்ணை" என்றேன். "ரெண்டு வேணும்."

இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். அவருக்குக் கண் போயிருந்தால் விபத்து என்பார்கள். கோயிலில் அர்ச்சனை செய்வார்கள். அவரும் விதி என்று சொல்லிக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு முன்வரிசையில் இருந்திருப்பார். ஏன் தனக்கு இது நடந்தது என்று தெரியாமலே இருந்திருப்பார். எனக்கு விபத்து வேண்டாம். அவருக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே ஒழுங்காகத் தெரிந்து கொடுத்தேன். ரிவோல்வருக்கு, செதில் செதிலாக, கோதை நிரப்பும் பருமன் உள்ள ஒன்று. கவனமில்லாமல் இரண்டு தரம் போட்டாலும் வெளியே வழிந்து காட்டிக்கொடுக்கும். புதிதாகப் பழகுகிறவனுக்கு அதைவிடப் பத்திரமானது கிடையாது. ரைபிளுக்கு, குளிருக்கு மசியாத ஒன்று. சில மருந்துகள் கோடையில் ஒரு விதம், உறைபனியில் இன்னொரு விதம் நடக்கும். இது இரண்டிலும் ஒன்றுதான். எனக்கு வாங்கியிருந்தாலும் அவற்றைத்தான் வாங்கியிருப்பேன். போகும்போது குணம் அண்ணை வேலையாளுக்கு மறுபடியும் "பொன்ஜூர்" சொன்னார்.

4

அடுத்த ஞாயிறு என் நிலவறைக்கு வந்தார். ஒரு நேரத்தில் மேசையில் ஒரு மருந்துப் போத்தல்தான் இருக்கும், மற்றது அலுமாரிக்குள் பூட்டில் என்று சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டினார். ரிவோல்வர் ரவைகளை முதலில் முடித்தோம். ரைபிள் ரவை தொடங்கி, ரவை அடைக்கும் கருவியின் நெம்பை ஒரு பத்துத் தரம் இழுத்ததும் அவருக்குத் தோள் நொந்தது. கதிரையில் சாய்ந்து கைத்தொலைபேசியில் கோயில் தேர்தல் கதைக்கத் தொடங்கினார்.

என் மகள் அனு உடுப்புத் தோய்க்க இறங்கி வந்தாள். குணம் அண்ணை "என்ன பிள்ளை, தமிழ் கதைப்பீரோ?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்று சொல்லிவிட்டு, என்னிடம் பிரெஞ்சில், இந்த வெடிகுண்டுக் கடையை எப்போது மூடுவாய் என்று கேட்டுக்கொண்டு போனாள். திவசத்தை அவள் பிரெஞ்சில் மரக்கறி நாள் என்பாள். படத்தில் இருப்பது சித்தப்பா என்று தெரியும். அவளுக்கு இருபத்திநாலு வயது. என்ன நடந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் எந்த மொழியில் சொல்லித் தொலைப்பது என்று எனக்கும் தெரியாது.

"தம்பி, அவசரமா ஒரு இடம் போகவேணும்" என்று குணம் அண்ணை எழும்பினார். "மிச்சத்தை நீர் முடிச்சு வையும். நம்பிக்கையான ஆள்தானே."

"ஓம் அண்ணை, போட்டு வாங்கோ."

மிச்சத்தை நான்தான் முடித்தேன். ஒவ்வொரு கோதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்து, தராசில் மறுபடி நிறுத்து, அதே மருந்தில் எனக்கென்று ஐந்து கூட நிரப்பி வைத்துக்கொண்டேன். என்னுடைய ரைபிளுக்கும் அதே அளவுதான். மற்றவற்றைப் பெட்டியில் அடுக்கினேன். எது அவர் கண்ணுக்கு முன்னால் நிரப்பியது, எது அவர் போனபிறகு நிரப்பியது என்று இப்போது யாராலும் பிரிக்க முடியாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அடுத்த நாள் வந்து பெட்டிகளை எடுத்தார். பெட்டியில் நிரப்பியவரின் பெயர் எழுதுவது வழக்கம். பேனாவை எடுத்தேன். "பேர் கீர் ஒண்டும் எழுதாதையும்" என்றார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

"வாற சனி மத்தியானம் வீட்டை வாங்கோ அண்ணை. திவசம். மரக்கறிச் சாப்பாடு."

"ஆற்றை திவசம்?"

"தம்பியின்ரை."

"அட பாவமே. கட்டாயம் வாறன்."

என் திட்டம் சின்னது. சாப்பிட்டு முடிய ரவியின் படத்தைக் காட்டுவேன். ரவை எல்லாம் சரி என்று சத்தியம் செய்வேன். அவர் நம்ப மாட்டார். பெட்டியில் பிழையானது ஒன்று இருந்தாலே போதுமே. சுடவும் முடியாது. கழகத்தில் கொண்டுபோய்க் கழற்றித் தாருங்கள் என்றால், யார் நிரப்பியது, ஏன் பயப்படுகிறாய் என்று கேட்பார்கள். குப்பையிலும் போட முடியாது. பேரப்பிள்ளைகள் வந்து விளையாடும் வீட்டில் அந்தப் பெட்டியைப் பூட்டி வைத்துக்கொண்டு சீவிக்கட்டும் என்று நினைத்தேன்.

5

சனிக்கிழமை சாந்தி விடியவே எழும்பிச் சமைத்தாள். கடையில் உறைய வைத்த வாழையிலையை முதல் நாளே எடுத்து வெளியே வைத்திருந்தோம். உள் அறையில் ரவியின் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, கதவைச் சாத்தினேன்.

குணம் அண்ணை நன்றாகச் சாப்பிட்டார். வாழைக்காய்ப் பொரியலை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். வடையைப் பாயசத்தில் நனைத்துக்கொண்டே சொன்னார்:

"லூயி விடியவே வெளிக்கிட்டிட்டான். நானும் போறதெண்டுதான் இருந்தனான், முழங்கால் விடேல்லை. ரைபிள் ரவை முழுக்க அவனிட்டைக் குடுத்துவிட்டனான்."

என் கை இலையில் நின்றது. "லூயியிட்டையோ? ஆர் நிரப்பினதெண்டு கேக்கேல்லையோ அவன்?"

"கேட்டவன். நான்தான் நிரப்பினனான் எண்டு சொன்னனான். மருமகனிட்டை ஒரு மதிப்பு வேண்டாமோ?" என்று சிரித்தார். சாந்தி எங்களுடைய இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெயர் எழுத வேண்டாம் என்றது அப்போதுதான் விளங்கியது. லூயியை நான் ஒரேயொரு தரம் கோயில் வாசலில் கண்டிருக்கிறேன். வேட்டி கட்டத் தெரியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அவன் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கு விடுவோம் என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் ரவை சரியானது என்று எனக்குத் தெரியும். லூயிக்கு ஒன்றும் ஆகாது. ஆகாது என்று தெரியாமல் தவிக்கப் போவது இவர் ஒருவர்தான். இதைவிட நல்ல நாள் எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ அண்ணை. தம்பியின்ரை படத்தை ஒருக்காப் பாருங்கோ."

தொழிற்சாலை மெசினுக்குப் பக்கத்தில், நீலச் சட்டையோடு, ஊருக்கு அனுப்புவதற்காக ரவி எடுத்த படம் அது. குணம் அண்ணை கும்பிடக் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது.

"இது சிவா" என்றார்.

"ரவி. சிவா எண்டது வேற ஒருத்தன்ரை அட்டையில இருந்த பேர். என்ரை தம்பி, அண்ணை. கொழும்பில கொண்டுபோனவங்கள். பேந்து ஒரு தகவலும் இல்லை. ஒரே ஒரு கோல்தானே அடிச்சனீங்கள்."

அவர் நிலத்தில் இருந்துவிட்டார். முழங்கால் நோவையும் மறந்து இருந்தார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதிலிருந்து மன்னிப்பு வரும் என்று எனக்குள் எங்கேயோ ஒரு நப்பாசை இருந்திருக்க வேண்டும். வந்தது வேறு.

"தம்பி, அந்த ரவை..."

"எல்லாம் சரியாத்தான் நிரப்பியிருக்கிறன்."

"சத்தியமாச் சொல்லும்."

"இந்தப் படத்திலை ஆணை. தம்பியாணை."

அதைக் கேட்டதும்தான் அவர் எழும்பி வாசலுக்கு ஓடினார்.

6

லூயி போன இடத்தில் தொலைபேசி வேலை செய்யாது. குணம் அண்ணை என் வீட்டு வாசலில் காருக்குள் இருந்தபடியே அவனுக்கு அடித்து அடித்துப் பார்த்தார். பிறகு எனக்கு அடித்தார். நான் யன்னலுக்குள் நின்று அவரைப் பார்த்தபடி எடுத்தேன்.

"தம்பி, என்னைக் கொல்லும். அவன் பாவம். என்ரை பிள்ளைக்குத் தாலி கட்டினவன்."

"ரவை சரி அண்ணை."

"நான் எப்பிடி நம்புறது?"

"அப்ப போலீசுக்கு எடுங்கோவன். கோல் அடிக்கிறது உங்களுக்குப் புதுசே?"

"எடுத்து என்னெண்டு சொல்ல?"

அதைத்தான் நானும் கேட்க விரும்பினேன். மகளிடம் சொல்வதென்றால் நிரப்பியது தானில்லை என்று சொல்ல வேண்டும். நிரப்பியவன் ஏன் பிழையாக நிரப்புவான் என்று மகள் கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. பின்னேரம் வடக்கே காரோட்டிக்கொண்டு போய், காட்டு வீதிப் படலை பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தாராம். மருமகனின் உயிரா தன் மானமா என்ற இடத்தில் மனிதன் மானத்தைத் தெரிந்தெடுத்ததை நான் இருந்து பார்த்தேன். என் வெறுப்புக்கு ஒரு குறையும் வராமல் அவரே பார்த்துக்கொண்டார்.

அவருடைய கார் வெளிக்கிட்டதும் சாந்தி என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தப் பெடியன் என்ன செய்தவன்?"

"ரவை சரி எண்டு சொல்லிப்போட்டன்."

"எனக்குச் சொல்லுங்கோ. அந்த மனிசனுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லாதேங்கோ."

"சரிதான் சாந்தி. நீருமோ?"

"உங்களை எனக்குத் தெரியும்" என்றாள். "அதுதான் கேக்கிறன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நிலவறைக்குப் போய் அலுமாரியைத் திறந்து மருந்துப் போத்தல்களை எடுத்துப் பார்த்தேன். ரைபிள் மருந்து எவ்வளவு குறைந்திருக்க வேண்டுமோ அவ்வளவு குறைந்திருந்தது. மற்றது நான் மூடி வைத்தபடி இருந்தது. ஆனாலும் மறுபடியும் தூக்கிப் பார்த்தேன். நான்கு வருடம் ஒரு விசயத்தை ஆசைப்பட்டவனுடைய கை, அவனுக்கே தெரியாமல் எதையாவது செய்திருக்குமா என்று ஒரு யோசனை வந்து ஒட்டிக்கொண்டது.

ஞாயிறு காலை கழகத்துக்குப் போனேன். எனக்கென்று எடுத்து வைத்த ஐந்தில் ஒன்றைத் துவக்கில் போட்டேன். நான் அளந்து, நான் நிறுத்து, நானே அடைத்த ரவை. கன்னத்தைச் சாய்க்க மனம் வரவில்லை. பக்கத்தில் நின்றவன் ஏதும் பிரச்சினையா என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடாமல் அழுத்தினேன். வழக்கமான சத்தம், வழக்கமான உதை. மிச்சம் நான்கையும் சுட்டேன். ஐந்தும் குறி அட்டையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை மூடுமளவுக்குள் விழுந்தன. நல்ல மருந்துதான் தெரிந்து கொடுத்திருக்கிறேன்.

வந்து சாந்தியிடம் அட்டையைக் காட்டினேன். பார்த்தாள், உள்ளே போனாள். குணம் அண்ணைக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். நம்புவார் என்று தெரிந்திருந்தால் நிச்சயமாக அனுப்பியிருக்க மாட்டேன். அவருடைய அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து ஒரே பதிலைச் சொன்னேன். ஒரு தரமும் பொய் சொல்லவில்லை.

ஞாயிறு பின்னேரம், இருட்டிக்கொண்டு வரும்போது, மறுபடியும் அடித்தது.

"வந்திட்டான் தம்பி" என்றார். "லூயி வந்திட்டான். மான் ஒண்டோட வந்து வாசலில நிக்கிறான். சிரிச்சுக்கொண்டு நிக்கிறான். நான் நேற்றிலை இருந்து கதவையே பாத்துக்கொண்டு இருந்தனான். ஒரு கார்ச் சத்தம் கேட்டால்..."

அப்படியே அழத் தொடங்கினார். பின்னால் யாரோ பிரெஞ்சில் சிரித்துக் கதைப்பதும், சின்னப்பிள்ளைகள் கத்துவதும் கேட்டது. நான் அவர் அழுது முடியும் வரை பொறுத்திருந்தேன். ஒன்றரை நாள் கதவைப் பார்த்த மனிதர்.

"சந்தோசம் அண்ணை" என்றேன். "எங்கட ஆள் இன்னும் வரேல்லை."